மாட்டைக் கொடுக்குமுன் புல்லை நடுங்கள்: சித்தூர் கிழக்கு எல்லைப் பஞ்சாயத்துகளுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி பஞ்சாயத்துகளின் தலைவர்களுக்கும் வார்டு மெம்பர்களுக்கும் வணக்கம்.

அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான கிராம சபைகளில் உங்கள் மேசைக்கு வரப்போகும் மனுக்களில் பெரும்பாலானவை என்ன கேட்கும் என்பதை இப்போதே எழுதிவைத்துவிடலாம். கறவை மாடு, ஆடு, கோழிக்கூடு, தொழுவம். கேட்பவர்கள் மேல் தப்பில்லை, கொடுப்பதும் தப்பில்லை. ஆனால் பால் வற்றிய மாடு ஒன்றரை ஆண்டில் சந்தைக்குப் போய், அந்தப் பணமும் கடனுக்கே போனால், அந்த வீடு அடுத்த கிராம சபையில் மறுபடியும் அதே மனுவோடுதான் நிற்கும். பொருள் வாங்கிக் கொடுக்கும் தலைப்பில் போகும் பணத்தில் ஒரு பங்கை, வருமானம் ஒழுகுகிற ஓட்டைகளை அடைப்பதற்குத் திருப்புங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. எந்த ஓட்டை, எவ்வளவு ஒழுகுகிறது, எதை வைத்து அடைப்பது என்பதைக் கீழே எழுதுகிறோம்.

உலகத்தில் கடும் வறுமையில் இருப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். வறுமை வேகமாகக் குறைந்த பல நாடுகளில் அது முதலில் குறைந்ததும் கிராமத்தில்தான். வேளாண்மையில் வரும் வளர்ச்சி, மற்ற துறைகளின் வளர்ச்சியைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு வறுமையைக் குறைக்கிறது என்று உலக வங்கியின் 2008ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கை சொன்னது. சீனாவில் 1981இல் 100க்கு 53 பேர் ஏழைகள், 2001இல் 8 பேர். அந்த இறக்கத்தில் ஏறக்குறைய பாதி 1980களின் முதல் சில ஆண்டுகளிலேயே நடந்துவிட்டது. ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்பே, நிலத்தைக் குடும்பங்களிடம் ஒப்படைத்து விளைச்சலுக்கு நல்ல விலை கொடுத்த காலம் அது. வியட்நாம் 1988இல் அதே வழிக்கு வந்தது. அதுவரை அரிசி இறக்குமதி செய்த நாடு அடுத்த ஆண்டே ஏற்றுமதி செய்தது. வங்கதேசத்தில் 1980களின் கடைசியில் சிறிய டீசல் எஞ்சின்களை இறக்குமதி செய்வதற்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். ஆழமில்லாத குழாய்க்கிணறுகள் பெருகின, கோடைப் போகம் நெல் பரவியது, வயல் கூலி வேலையும் கூடியது.

‘அங்கே மாடு கொடுக்கவே இல்லையா?’ என்று கேட்பீர்கள். கொடுத்தார்கள். வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம் 2002இல் தொடங்கிய திட்டத்தில் பரம ஏழைக் குடும்பங்களுக்கு மாடும் ஆடும் கிடைத்தன. கூடவே இரண்டு ஆண்டு காலம் அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு பணியாளர், பயிற்சி, ஆரம்ப மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவு, கட்டாயச் சேமிப்பு எல்லாம் இருந்தன. இந்த முறையை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, பலன் நின்று நிலைத்தது என்றது. அந்த ஆறில் ஒன்றான கானாவில் ஒரு பகுதியினருக்கு ஆடு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் அதே ஆடுதான், பயிற்சியும் பணியாளரும் கூட வந்ததும் வராததும்தான் வித்தியாசம்.

நம் கேரள மாநிலம் 64,006 குடும்பங்களைக் கடும் வறுமையில் இருப்பவையாகக் கண்டு, வீடு வீடாகத் திட்டம் போட்டு, 2025 நவம்பர் 1ஆம் தேதி கடும் வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தது. அது பெரிய வேலை, குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பட்டியலுக்கு ஒரு படி மேலே நிற்கிறவர்கள் எல்லாப் பஞ்சாயத்திலும் இருக்கிறார்கள். ஒரு மாடு, அரை ஏக்கர் கடலை, கொஞ்ச நாள் தொழிலுறப்பு (நூறு நாள் திட்ட) வேலை என்று ஓடும் வீடுகள். இந்த மடல் அவர்களைப் பற்றியது.

முதலில் புல்.

நம் பகுதி மழைநிழல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும், கேரளத்தை நனைக்கும் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) நமக்கு மிச்சம்தான் வரும். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வந்து சேர வேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீரும் மூலத்தரைத் தடுப்பணையிலிருந்து வாய்க்கால் போகும் ஊர்களுக்குத்தான் உயிர், மேட்டு நிலத்துக்கு எட்டாது. அப்படியும் சித்தூர் தாலுகா மலபாரில் பாலுக்குப் பேர் பெற்றிருக்கிறது என்றால் அது வீட்டுப் பெண்களின் உழைப்பு. அந்த உழைப்பின் பெரும்பங்கு தீவன மூட்டைக் கடைக்குப் போகிறது என்பதுதான் முதல் ஓட்டை.

கணக்கு இது. நாளைக்கு 10 லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்கு உடம்பு நிற்க ஒன்றரைக் கிலோ, லிட்டருக்கு 400 கிராம் வீதம் பாலுக்கு 4 கிலோ, மொத்தம் ஐந்தரைக் கிலோ அடர்தீவனம் வேண்டும். இது 25 முதல் 30 கிலோ பசும்புல்லும் ஐந்தாறு கிலோ சோளத்தட்டோ வைக்கோலோ போட்டால் உள்ள கணக்கு. பசும்புல் இல்லாத வீட்டில் அந்தக் குறையையும் மூட்டையில்தான் சரிக்கட்ட வேண்டும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோ 4 அல்லது கோ 5 ரகம், நல்ல தண்ணீர் வசதியில் ஏக்கருக்கு ஆண்டில் 150 டன் தரும் என்பது ஆராய்ச்சிப் பண்ணைக் கணக்கு. நம் மண்ணில், நம் தண்ணீரில் அதில் பாதி என்று வையுங்கள். 12 சென்ட்டில் ஆண்டுக்கு 9 டன், நாளைக்கு 25 கிலோ. ஒரு மாட்டுக்கு 12 சென்ட் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த 12 சென்ட்டுக்கு இரண்டு கணு உள்ள கரணை 1,600 வேண்டும். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., கரணைக்குக் கரணை 50 செ.மீ., ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி சாய்த்து ஊன்ற வேண்டும். முதல் வெட்டு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. 60 நாளைத் தாண்டினால் தண்டு முற்றி மாடு தள்ளிவிடும். வெட்டியதும் சாணி கரைத்த தண்ணீரோ கொஞ்சம் யூரியாவோ போடாவிட்டால் நாலாவது வெட்டோடு புல் மெலிந்துவிடும். நேப்பியரில் ஆக்ஸலேட் உண்டு, அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசாலோ தட்டைப்பயறோ, கூடவே நாளைக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்பும் சேர வேண்டும். 12 சென்ட் இல்லாத வீடுகளுக்கு வாய்க்கால் கரை, பஞ்சாயத்துப் புறம்போக்கு, தென்னந்தோப்பு இடைவெளி ஆகியவற்றைக் குடும்பஸ்ரீயின் மகளிர் சுய உதவிக் குழுக்களான அயல்கூட்டங்களுக்கு ஒதுக்கலாம். பக்கத்து வீடுகள் நாலைந்துக்கு ஒரு புல் வெட்டும் இயந்திரம் போதும். வெட்டாமல் போட்டால் தின்பதைவிட மிதிப்பது அதிகம்.

சோளத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மழை தப்பி வாடிய இளஞ்சோளத்திலும், அறுத்த கட்டையில் மழைக்குப் பிறகு தளிர்க்கும் குருத்திலும் ஹைட்ரஜன் சயனைடு நஞ்சு இருக்கும். பூ எடுக்காத, இடுப்பளவு உயரம்கூட வராத சோளத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டால் மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். உடனே சோடியம் தயோசல்பேட் ஊசி போட்டால் பிழைக்க வழியுண்டு. அந்த மருந்து உங்கள் மிருகாசுபத்திரியில் எப்போதும் இருக்கிறதா என்று ஒரு மெம்பர் போய்க் கேட்டாலே போதும், திட்ட நிதி எதுவும் வேண்டாம்.

அடுத்து, மாடு வாங்கும் இடம். திட்டத்தில் மாடு வாங்கும்போது பயனாளியும் அதிகாரியும் எல்லை தாண்டிச் சந்தைக்குப் போகிறார்கள். மடி நிறைந்து நிற்கும் மாட்டைப் பார்த்து 14 லிட்டர் என்று நம்புகிறார்கள். முந்தின நாள் கறக்காமல் விட்டால் எந்த மாட்டுக்கும் மடி நிறையும். மாலை, மறுநாள் காலை, அன்று மாலை என்று மூன்று வேளை நேரில் கறந்து, முதல் வேளையைத் தள்ளிவிட்டு மற்ற இரண்டையும் கூட்டினால்தான் உண்மை தெரியும். இரண்டாம் ஈற்று மாடு நல்லது. குளம்பு வாய் நோய்த் தடுப்பூசி போட்டு மூன்று நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும், கருச்சிதைவு நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். வெளியூர்க் கலப்பினம் இங்கே வந்த முதல் மாதத்தில் விழுவதற்கு உண்ணிக் காய்ச்சல் ஒரு பெரிய காரணம். வந்த முதல் வாரமே உண்ணி மருந்து, காய்ச்சல் அடித்தால் உடனே இரத்தப் பூச்சுப் பரிசோதனை. தீவனத்தையும் பத்து நாளில் மெல்ல மாற்ற வேண்டும். வந்த அன்றே மூன்று கிலோ புண்ணாக்கைக் கொட்டினால் வயிறு புளித்துப் படுத்துவிடும். ‘திட்டத்து மாடு நிற்காது’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மாட்டின் குற்றம் இல்லை அது.

மூன்றாவது ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெரியது: சினைப்படாமல் போகும் மாதங்கள். மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், 12 முதல் 18 மணி நேரம்தான் நிற்கும். காலையில் கத்தினால் மாலையில் சினை ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி. கன்று ஈன்று 60 முதல் 90 நாளுக்குள் போட்டுச் சினைப்பட்டால் 13 மாதத்துக்குள் அடுத்த கன்று. ஒரு பருவம் தவறினால் 21 நாள் போயிற்று. நாளைக்கு 150 ரூபாய்த் தீவனம் என்று வைத்தாலும் 3,150 ரூபாய். மூன்று பருவம் தவறும் மாடு சாதாரணம்.

ஏன் தவறுகிறது? கோடையில் ஊமைப் பருவம், கத்தாது. கண்ணாடி போன்ற கோழை மட்டும் வாலில் ஒட்டியிருக்கும், அதிகாலையில் பார்க்காவிட்டால் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பருவத்துக்கு வந்தால் ஊசி போட ஆள் இல்லை. உறைவிந்து குச்சி திரவ நைட்ரஜனில், சுழியத்துக்குக் கீழே 196 டிகிரியில் இருக்க வேண்டும். ஜாடியில் நைட்ரஜன் மட்டம் இறங்கியிருந்தால் போடும் ஊசி வெறும் தண்ணீருக்குச் சமம். தோணியில் கே.எல்.டி. போர்டின் (கேரளக் கால்நடை மேம்பாட்டு வாரியத்தின்) காளைப் பண்ணை இருக்கும் மாவட்டம் நம்முடையது, விந்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம், ஞாயிறன்று வண்டி எடுத்து வரும் ஆளுக்குத்தான். பஞ்சாயத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற ஊசியாளர், விடுமுறை நாள் படி, மாதம் இருமுறை நைட்ரஜன் மட்டத்தைக் குச்சி விட்டு அளந்து எழுதும் ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

பால் சொசைட்டியில் அளவு எடுக்கும் இடத்தில் நடக்கும் சண்டைகள் உங்களுக்குத் தெரியும். பாதிச் சண்டை தேவையில்லாதது. கடைசியாகச் சுரக்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம். கன்றுக்கு விட்டோ அவசரத்திலோ மடியை ஒட்டக் கறக்காமல் எழுந்தால் கொழுப்பு குறையும். நார்த்தீவனம் குறைந்தாலும் கொழுப்பு இறங்கும். எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கிய திடச்சத்து) குறைந்தால் பெரும்பாலும் மாட்டுக்குத் தீனி போதவில்லை, அல்லது வெளியே தெரியாத மடிநோய். கறந்த சூட்டோடு, பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டர் போட்டால் குறைவாகத்தான் காட்டும். பால் ஆறி, காற்று வெளியேற வேண்டும், வெப்பநிலைத் திருத்தமும் சேர்க்க வேண்டும். மடிநோயைத் தடுக்க மருந்தைவிட மலிவான வழி உண்டு: கறந்து முடித்து அரை மணி நேரம் மாடு படுக்கக் கூடாது, காம்புத் துளை மூட அவ்வளவு நேரம் ஆகும். கறந்ததும் புல்லைப் போட்டால் நின்று தின்னும். லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடினால் 10 லிட்டர் மாட்டுக்கு 300 நாளில் 3,000 ரூபாய்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக. மாடு செத்த பிறகு கோரிக்கை தள்ளுபடியாவதற்கு ஒரு முக்கியக் காரணம் காதுத் தகடு. 12 இலக்க எண் உள்ள தகடு விழுந்திருக்கும், புதுத்தகடு போட்டிருப்பார்கள், ஆனால் புது எண்ணைக் காப்பீட்டில் ஏற்றியிருக்க மாட்டார்கள். அல்லது டாக்டர் பார்ப்பதற்கு முன் புதைத்திருப்பார்கள். வார்டுக்கு ஒரு அயல்கூட்டப் பெண், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தகடு தெரியும்படி மாட்டைப் படமெடுத்து வைத்தால் இது தீரும்.

இனி கடலை. நீளமாகச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று, அது ஈரம்.

ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கடலை 105 முதல் 110 நாளில் ஐப்பசியில் பிடுங்க வரும். அப்போதுதான் துலாவர்ஷமும் (வடகிழக்குப் பருவமழையும்) வரும். பிடுங்கிய செடியைக் கொடியோடு குவித்து வைத்தால் ஒன்றிரண்டு இரவில் உள்ளே சூடேறி ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணம் பிடித்துவிடும், அஃப்ளாடாக்ஸின் நஞ்சு அங்கேதான் உண்டாகிறது. காய் முற்றும் காலத்தில் வறட்சி அடித்திருந்தால் மண்ணுக்குள்ளேயே தொடங்கியிருக்கும். பிடுங்கியதும் காய் மேலே பார்க்கச் செடியைக் கவிழ்த்து இரண்டு மூன்று நாள் காயவிட்டு, பிறகு காயைப் பறித்துத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி 8 முதல் 9 சதவீத ஈரத்துக்கு இறக்க வேண்டும். சிலர் காய் பறிக்க எளிது என்று தண்ணீர் தெளிப்பார்கள். கூடாது.

ஈரத்தில் பணமும் போகிறது. 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ காய், 9 சதவீதத்துக்குக் காய்ந்தால் 88 கிலோ. களத்துக்கு வரும் வியாபாரி கையில் அள்ளிப் பார்த்து ‘ஈரம்’ என்று 20 கிலோ கழித்தால், 12 கிலோ நியாயம், 8 கிலோ இனாம். ஈரம் அளக்கும் கருவி ஒன்று பஞ்சாயத்தின் வேளாண் அலுவலகமான கிருஷிபவனில் இருந்து, களத்துக்கு வந்தால் அந்த 8 கிலோ வீட்டில் நிற்கும். வார்டுக்கு ஒரு சிமெண்ட் களம், மழைக்கு இழுத்து மூடும் தார்ப்பாய். களத்தைச் சமுதாயக் கூடத்தின் முன்னால் கட்டாதீர்கள், ஐப்பசியில் அங்கே கல்யாணப் பந்தல் போட்டிருப்பார்கள்.

விளைச்சலில் ஒழுகுவது பொக்குக் காயில். விழுது மண்ணில் இறங்கும் 40 முதல் 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தால் காய் நிறையும். கால்சியத்தைக் காய் தன் தோல் வழியாகத்தான் எடுக்கும், வேரிலிருந்து கீழே வராது. அதனால் ஜிப்சம் செடியடியில், காய் இறங்கும் இடத்தில், ஈரத்தோடு விழ வேண்டும். மானிய ஜிப்சம் 70ஆம் நாளில் வந்து சேர்ந்தால் அடுத்த ஆண்டுக்கு மூட்டை கட்டி வைப்பதுதான் வழி.

பாலும் கடலையும் இங்கே ஒரே வீட்டில் இருப்பதால் இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறோம். காய்ந்த கடலைக்கொடி நல்ல தீவனம். பூசணம் பிடித்த கொடியும் புண்ணாக்கும் மாட்டுக்குப் போனால் அந்த நஞ்சு உருமாறிப் பாலில் வரும். பாலில் அதற்குச் சட்ட வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான். களத்தில் விட்ட குறை சொசைட்டிப் பாலில் வந்து நிற்கும்.

நன்றாகக் காய்ந்த கடலைக்கு வாங்குபவரும் பக்கத்திலேயே இருக்கிறார். அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் குடும்பஸ்ரீ யூனிட்டுகள் தயாரிக்கும் அம்ருதம் நியூட்ரிமிக்ஸில் கடலையும் ஒரு பொருள். பிரேசில் 2009இல் போட்ட சட்டத்தில், பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் 30 சதவீதத்தையாவது சிறு குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்று எழுதியது. நம் பஞ்சாயத்தில் அப்படிச் சட்டம் போட முடியாது. ஆனால் எவ்வளவு கடலை வரும் என்பது யூனிட்டுக்கு அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே தெரியும்படியும், பரிசோதித்த கடலையே போய்ச் சேரும்படியும் செய்ய முடியும். வியாபாரி கேட்கும் விலையைவிட அந்த விற்பனை நிச்சயமானதாக இருக்கும்.

கடன். எல்லை தாண்டி வாராவாரம் வருகிற வட்டிக்காரர்களின் பைக்குகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதன் கணக்கை மட்டும் எழுதுகிறோம், கிராம சபையில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். 10,000 ரூபாய் கடன், கையில் 8,500, வாரம் 1,000 வீதம் பத்து வாரம். ‘1,500 தானே’ என்று தோன்றும். குறைந்துகொண்டே வரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 160 சதவீதம். எந்த மாடும் 160 சதவீதம் கறக்காது. இதற்கு எதிராகக் கூட்டுறவு வங்கியும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து வீட்டுக்கே வந்து கொடுத்து வசூலிக்கும் ‘முற்றத்தெ முல்லை’ கடன் 2018இல் நம் பாலக்காடு மாவட்டத்திலிருந்துதான் தொடங்கியது. அது நம் எல்லை வார்டுகளில் எத்தனை வீட்டுக்குப் போகிறது என்று சி.டி.எஸ். (பஞ்சாயத்து அளவிலான குடும்பஸ்ரீ அமைப்பு) கூட்டத்தில் வார்டு வாரியாகக் கேளுங்கள். வட்டிக்காரர் ஜெயிப்பது வட்டியில் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகும் இரவில் கொடுப்பதில். அயல்கூட்டச் சேமிப்பில் 5,000 ரூபாய் வரைக்கும் அன்றே கொடுக்கும் அவசரக் கடனுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வைத்தால் அந்த இரவு தாண்டும்.

தொழிலுறப்பு வேலைக்கு வருவோம். 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் இடத்தில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 100 நாள் 125 ஆகிறது. செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில் விழுகிறது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். மற்ற விவாதங்கள் இருக்கட்டும், இந்த 60 நாளை மட்டும் கவனியுங்கள். குட்டநாட்டு நெல்லையோ பாலக்காட்டு ஒன்றாம் போகத்தையோ பார்த்து நாள் குறித்தால், நம் பகுதியில் வயல் வேலையும் இல்லாமல் தொழிலுறப்பும் இல்லாமல் இரண்டு மாதம் காலியாகும். இங்கே ஆள் வேண்டியது ஆடி விதைப்புக்கும் ஐப்பசிக் கடலை பிடுங்கலுக்கும். மாசியிலிருந்து சித்திரை வரை யாருக்கும் வேலை இல்லை. இதைத் தேதியோடு தீர்மானமாக்கி முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

அந்த நாட்களில் என்ன வெட்டுவது என்பதிலும் மண் பார்க்க வேண்டும். மேல்வாய் 10 மீட்டர் சதுரம், 3 மீட்டர் ஆழம், ஒன்றுக்கு ஒன்று சரிவு வைத்த பண்ணைக்குட்டை ஒரு நிறைவில் 156 கன மீட்டர், அதாவது ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். கரிசலில் தண்ணீர் நிற்கும், ஆனால் கோடையில் கரை வெடித்து அடுத்த மழையில் சரியும். அங்கே ஆழத்தைக் குறைத்துச் சரிவை ஒன்றுக்கு இரண்டாகப் படுக்க வைக்க வேண்டும், கொள்ளளவு குறைந்தாலும் பரவாயில்லை. செம்மண் சரளையில் கரை நிற்கும், தண்ணீர் நிற்காது. அங்கே குட்டையைக் கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்தில் வெட்டி, ஊறுவதற்கு விட வேண்டும். ஒரே வரைபடத்தை எல்லா வார்டுக்கும் நகலெடுத்தால் பாதிக் குட்டைகள் ஃபோட்டோவுக்கு மட்டும்தான்.

நிலம் இல்லாத பெண்கள் நாலு முதல் பத்துப் பேர் சேர்ந்து செய்யும் கூட்டுச் சாகுபடிக்கு ஒரு சிக்கல் உண்டு. 1963ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு புதிய குத்தகையைத் தடுக்கிறது. அதனால் உடைமையாளர் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதித் தர அஞ்சுகிறார். காகிதம் இல்லாமல் பயிர்க்கடன் சிரமம், பயிர் நட்டத்துக்கு வரும் பணம் பட்டா உள்ளவர் பெயரில் போகிறது. பஞ்சாயத்து நடுவில் நின்று, தரிசு நிலப் பட்டியல் எடுத்து, ‘ஒரு போகத்துக்குச் சாகுபடி செய்ய அனுமதி’ என்று கிருஷி ஆபீசர் முன்னிலையில் எழுதி வாங்கினால் இரண்டு பக்கத்துக்கும் பயம் குறையும்.

கடைசியாக மொழி. மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் இருக்கிறது. நம் வார்டுகளில் பல தாய்மார்கள் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மலையாளம் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். காப்பீட்டு நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும், மானியக் கடைசித் தேதி தெரியாமல் போவதும் இதனால்தான். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. பயனாளிப் படிவம், காப்பீட்டு நிபந்தனை, தீவன அட்டவணை, கிராம சபை நோட்டீஸ் ஆகிய நான்கையும் தமிழில் அச்சிடுங்கள். கிராம சபைக்கு வாக்காளர்களில் பத்தில் ஒருவர் வர வேண்டும் என்பது கணக்கு. நோட்டீஸ் புரிந்தால் கையெழுத்துக்காக வீடு வீடாக நோட்டைக் கொண்டு அலைய வேண்டியிராது.

இத்தனையும் ஒரே ஆண்டில் முடியாது. எல்லாவற்றையும் தள்ளி வைத்தாலும் ஒன்றை மட்டும் இந்த ஆண்டு மாற்றுங்கள்: நாள். கொள்முதல் உத்தரவுகள் நிதியாண்டு முடியும் மார்ச்சில் குவிகின்றன. மார்ச் 28ஆம் தேதி வந்து இறங்கும் புல் கரணை தண்ணீர் இல்லாமல் தொழுவத்து ஓரத்தில் காய்ந்து விறகாகும். நேப்பியர் ஊன்ற நல்ல காலம் ஜூன், தவறினால் துலாவர்ஷம். ஜூனில் கரணை வேண்டுமென்றால் ஏப்ரலில் தீர்மானம், மே முதல் வாரத்தில் கரணை வெட்டப்போகும் தோட்டத்தைப் போய்ப் பார்த்துவர வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த இளந்தண்டாக இருந்தால் வாங்க வேண்டாம், அழுகிவிடும். மாடு வாங்கும் தேதி அதற்குப் பிறகு, புல் முதல் வெட்டுக்குத் தயாராகும் செப்டம்பரில் வரட்டும்.

இப்படிக்கு,
சித்தூர் கிழக்கு எல்லை ஊர்களில் பால் அளப்பவர்கள், கடலை விதைப்பவர்கள், அயல்கூட்டக் கணக்கு எழுதுபவர்கள்